நூல்களில் ‘பொண்டிக்’ என்ற பெயரடைக்குப் பொருள் காணும் முறை

கருங்கடலைக் கிரேக்கர் ‘பொந்தோஸ்’ என்று வழங்கியதிலிருந்து பிறந்த ‘பொண்டிக்’ என்னும் பெயரடை, வரலாறு முதல் நிலவியல் வரை பல துறை நூல்களில் வெவ்வேறு பொருளில் வருகிறது. அதைக் கண்டதும், அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லை முதலில் பாருங்கள். எந்தக் கரை குறிக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அரசு, போர், மலைத்தொடர் என்று தொடர்ந்தால் அது தென்கரை. ரோமத் தளபதி பாம்பேயிடம் ஆறாம் மித்ரிடேட்டீஸ் இழந்த பொந்துஸ் அரசு இன்றைய வடக்குத் துருக்கியில் இருந்தது. 1923-இன் மக்கள் பரிமாற்றத்தில் கிரீஸுக்கு அனுப்பப்பட்ட பொண்டிக் கிரேக்கரின் ஊர்களும் அப்பகுதியினவே. ‘ஸ்டெப்பி’ என்று தொடர்ந்தால் உக்ரைனும் தென் ரஷ்யாவும் அடங்கிய வடகரைப் புல்வெளி. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தாயகம் பற்றிய விவாதத்தில் அடிபடுவது இதுதான். கி.பி. 8-இல் நாடுகடத்தப்பட்ட கவிஞர் ஓவிட் ‘பொந்துஸிலிருந்து’ மடல்கள் எழுதியதோ மேற்குக் கரையில், இன்று ருமேனியாவில் உள்ள ஊரிலிருந்து. ஆகவே அவரை மித்ரிடேட்டீஸின் நாட்டில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது.

தாவரப் பெயர்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நீலகிரியின் காட்டுப்பூவரசு சேர்ந்த அதே பேரினத்தில் ‘ரோடோடென்ட்ரான் பொண்டிகம்’ என்ற செடி உண்டு. இதன் பூந்தேனில் உள்ள கிரயனோடாக்சின் என்ற நஞ்சு, நரம்பணுக்களின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்வதால் மயக்கம் வரும், நாடித்துடிப்பு குறையும். தென்கரையில் தேனடையைத் தின்ற கிரேக்கப் படைவீரர்களில் குறைவாகத் தின்றவர்கள் குடிவெறியர் போலவும், மிகுதியாகத் தின்றவர்கள் பித்தர் போலவும் ஆனார்கள், ஆயினும் எவரும் சாகவில்லை என்று படையை நடத்திச் சென்ற செனபன் எழுதியிருப்பது இத்தகைய தேனைப் பற்றியே என்று கருதப்படுகிறது. இவ்வளவு பொருத்தமான பெயர் இருந்தும், இச்செடி ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் இயற்கையாக வளர்கிறது. பிரிட்டனில் காடுகளை ஆக்கிரமித்துள்ள செடிகளில் பெரும்பாலானவை அவ்விரு நாடுகளும் அடங்கிய ஐபீரியாவிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வு காட்டியுள்ளது. எனவே லத்தீன் பெயரை மட்டும் நம்பித் தாயகத்தை முடிவு செய்யாதீர்கள், பரவல் வரைபடத்தையும் பாருங்கள்.

நிலவியலில் ‘பொண்டியன்’ என்பது இடத்தைவிடக் காலத்தையே குறிக்கும்: கருங்கடல், காஸ்பியன் வடிநிலங்களில் ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய, மயோசீன் என்ற நிலவியல் காலத்தின் இறுதிக் கட்டம். உயிரியலில் ‘பொண்டோ-காஸ்பியன்’ என்பது பூர்விகத்தை மட்டும் சொல்லும். கப்பல்கள் நிலை தடுமாறாதிருக்க அவற்றில் நிரப்பப்படும் நிலைப்பு நீரோடு சென்ற வரிச்சிப்பி 1980-களிலேயே வட அமெரிக்கப் பேரேரிகளில் குடியேறியிருந்தாலும், ஆய்வுரைகளில் அது இன்றும் பொண்டோ-காஸ்பியன் இனமே.