நார்கோம்ஃபின் குடியிருப்பை வரைபடத்திலிருந்து படிப்பது எப்படி?

புரட்சிக்கால ரஷ்யாவின் அவான்ட்-கார்ட் கலையை, அதாவது மரபை உடைத்துப் புதுமை தேடிய கலையைப், பயில விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மலேவிச்சின் கறுப்புச் சதுர ஓவியத்திலோ, கட்டப்படாமலே போன தாத்லினின் கோபுரத்திலோ தொடங்குகிறார்கள். மனிதர்கள் உள்ளே குடியேறி வாழ்ந்த ஒரு கட்டடத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாஸ்கோவின் நோவின்ஸ்கி நிழற்சாலையில், மோய்சேய் கின்ஸ்பர்க்கும் இக்னாத்தி மிலினிசும் வடிவமைத்து 1928க்கும் 1930க்கும் இடையில் எழுந்த நார்கோம்ஃபின் (நிதித்துறை மக்கள் ஆணையம்) ஊழியர் குடியிருப்பு அதற்கு மிகப் பொருத்தமானது.

முகப்புப் படங்களை ஒதுக்கிவிட்டு, முதலில் குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் படத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஃப் வகை எனப்படும் சிறிய வீடுகள் இரண்டைப் பென்சிலால் சுற்றிக் கோடிடுங்கள். நடுவில் ஒரு பொது நடைவழி ஓட, அதிலிருந்து ஒரு வீட்டுக்குப் படியேறியும் மற்றொன்றுக்குப் படியிறங்கியும் செல்லவேண்டியிருப்பது தெரியும். கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்த கூரையுடைய படுக்கையிடம், நடைவழி, மீண்டும் படுக்கையிடம் என மூன்று தளங்கள் அடுக்கப்பட்டிருக்க, அதே உயரத்துக்குள் மேற்குப் பக்கத்தில் உயர்ந்த கூரையுடைய இரண்டு கூடங்கள் அடங்கிவிடுகின்றன. இந்தக் கணக்கு பிடிபடும்வரை அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் நிறைந்த வீட்டைத் தர முடியும் என்ற வாதம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. காலை வெயில் படுக்கையிடத்துக்கும் மாலை வெயில் கூடத்துக்கும் வருவதற்கான காரணமும், வெளிச்சுவரில் நீண்ட பட்டைகளாகச் சன்னல்கள் ஓடுவதற்கான காரணமும் அப்போது தானாகவே விளங்கும்.

அடுத்து, தள வரைபடத்தில் குடியிருப்பையும் பொதுக்கட்டடத்தையும் இணைக்கும் மூடுபாலத்தைத் தேடுங்கள். உணவுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றுக்கான இடம் அந்தப் பக்கத்தில்தான் ஒதுக்கப்பட்டது. பெண்களை அடுப்படியிலிருந்து விடுவிப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் பெரிய குடும்பங்களுக்கான கே வகை வீடுகளில் சமையலறையும் இருப்பதைக் கவனியுங்கள். கூட்டுவாழ்வை வற்புறுத்தித் திணிக்காமல், மக்கள் தாமாக அதை நோக்கி நகர வழிசெய்யும் இடைமாற்ற வகை இல்லமாகவே கின்ஸ்பர்க் இதைக் கருதினார். அந்த நிதானம்தான் இக்கட்டடத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது. கூரைமேல் நிதித்துறை ஆணையர் மிலியூத்தினுக்கென்று அமைந்த தனி வீட்டையும் விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போது ஆண்டைச் சரிபார்ப்பது அவசியம். தூண்களுக்கிடையே திறந்திருந்த தரைத்தளம் பின்னாளில் சுவரெழுப்பி அடைக்கப்பட்டது. கின்ஸ்பர்க்கின் பேரன் அலெக்சேய் கின்ஸ்பர்க்கின் பொறுப்பில் நடந்து 2020இல் முடிந்த சீரமைப்பின்போதுதான் அது மீண்டும் திறக்கப்பட்டது.

இதே முறையில் கட்டடக்கலைஞர் மெல்னிகோவின் ருசாகோவ் தொழிலாளர் மன்றத்தையும் படிக்கலாம். வெளியே துருத்தி நிற்கும் அதன் மூன்று கான்கிரீட் பெட்டிகள் உள்ளே அரங்கின் இருக்கை வரிசைகளே என்பதையும், தேவைப்பட்டால் அவற்றைத் தனித்தனிச் சிறு அரங்குகளாகப் பிரித்துக்கொள்ளும்படி அவர் வகுத்திருந்தார் என்பதையும் குறுக்குவெட்டு வரைபடமே முதலில் காட்டிக்கொடுக்கும்.