24 வோல்ட் ஜீப்பில் 12 வோல்ட் வின்ச்

எங்கள் ஜீப் 24 வோல்ட்: இரண்டு 12 வோல்ட் பெற்றரிகள் தொடராக இணைந்தது. கிடைத்த வின்ச் (சேற்றில் புதைந்த வண்டியை வடத்தால் இழுத்தெடுக்கும் மோட்டார்) 12 வோல்ட். பொகவந்தலாவைத் தோட்டப் பாதைகளில் மழைக்காலத்தில் வின்ச் இல்லாமல் முடியாது.

"ரெண்டு பெற்றரியில ஒண்டிலயிருந்து லைன் எடுங்க அண்ணே, போதும்" என்றார் வயரிங் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும். தொடரில் உள்ள மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகும். இரண்டுமே பாழ். 24ஐ 12 ஆக்கும் சின்னக் கன்வேட்டரில் நேரே ஓட்டுவதும் சரிவராது: முழுப் பாரத்தில் வின்ச் 400 அம்பியர் வரை கேட்கும்.

அப்புறம் வின்ச்சுக்கென்றே மூன்றாவதாக ஒரு 12 வோல்ட் பெற்றரி வைத்தேன். 24ஐ 12 ஆக்கும் 20 அம்பியர் சார்ஜர், எஞ்சின் ஓடும்போது அதை நிரப்பும். சார்ஜர் வயருக்கு இரு முனையிலும் பியூஸ். வின்ச்சுக்குத் தடித்த கேபிள், கைக்கெட்டும் இடத்தில் மெயின் சுவிட்ச். ஒரு நிமிட முழு இழுவையை ஈடுகட்ட 20 நிமிடமாவது எஞ்சின் ஓட வேண்டும்.