ப்ளூரே பிளேயர் நெட்டில் சேரவில்லையா? முதலில் ஐபி எண்ணைப் பாருங்கள்

டிஸ்க் நன்றாக ஓடுகிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் பலர் உடனே பிளேயரை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போட்டு வைத்த செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துபோகும், கோளாறு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

படி 1. ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பிளேயரைத் தொடவே வேண்டாம், ரவுட்டரையோ லைனையோ கவனியுங்கள்.

படி 2. பிளேயர், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் பிளேயர் ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும், அது போதாது. முதலில் ரவுட்டரைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்ததும் பிளேயர்.

படி 3. இதுதான் முக்கியம். பிளேயரின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் போய் ஐபி முகவரியை, அதாவது ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்ணை, பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

169.254 என்று தொடங்கினாலோ, 0.0.0.0 என்று இருந்தாலோ, ரவுட்டரிடமிருந்து பிளேயருக்கு முகவரியே கிடைக்கவில்லை. லேன் கேபிள் என்றால் இரு முனையும் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், வேறு கேபிளும் போட்டுப் பாருங்கள். வைஃபை என்றால் பாஸ்வேர்டை மறுபடி அடியுங்கள். ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறிவிடுவது ரொம்பச் சாதாரணம். வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லையா? பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரியும், ரவுட்டரில் அது இயங்க வேண்டும். வைஃபை பாதுகாப்பின் புதிய வகையான டபிள்யூபிஏ3-உம் அவற்றுக்குப் புரியாது, ரவுட்டரில் பழைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். அப்புறம், ‘வயர்லெஸ் ரெடி’ என்று எழுதியிருந்தால் உள்ளே வைஃபை இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அந்த வகைக்குத் தனியாக யூஎஸ்பி அடாப்டர் வேண்டும்.

192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் வரை சரி. இனி கேபிளையும் பாஸ்வேர்டையும் நோண்ட வேண்டாம்.

படி 4. முகவரி சரியாக இருந்தும் நெட் வரவில்லையா? டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) மட்டும் கைமுறைக்கு மாற்றி 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுங்கள். பிளேயரின் தேதியையும் பாருங்கள். வருடம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று பிளேயர் நினைத்துக்கொள்ளும், ஆப்கள் திறக்காது. இவ்வளவு பேர் தவறவிடும் இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

படி 5. ஃபர்ம்வேர், அதாவது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருள், அப்டேட். நெட்தான் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஃபைல் இருந்தால் கணினியில் இறக்கி, பென் டிரைவ் வழியாக ஏற்றலாம். ஏறி முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நெட்வொர்க் டெஸ்ட் வெற்றி என்று வந்து, ஒரே ஒரு ஆப் மட்டும் திறக்கவில்லை என்றால், அந்தச் சேவை உங்கள் மாடலுக்கான ஆதரவை நிறுத்தியிருக்கலாம். அதற்கு ரவுட்டரில் செய்ய எதுவும் இல்லை.