‘இதுக்கா ஆஸ்கர் நாமினேஷன்?’ என்று கேட்பதற்கு முன்

பரிந்துரைப் பட்டியல் வந்த அன்றே எல்லோருக்கும் ஒரு கருத்து வந்துவிடுகிறது. எனக்கும்தான். பத்துப் படங்களில் நாலைப் பார்த்துவிட்டு, மிச்சம் ஆறைப் பற்றியும் அடித்துப் பேசியிருக்கிறேன். ரசனை அவரவருடையது, அதில் சரி தப்பு பார்க்க முடியாது. ஆனால் படத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு விருதைப் பேசிக்கொண்டிருப்போம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

‘கதையே இல்லை, இதற்கு எப்படி நாமினேஷன்?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் கிடைத்தது என்று முதலில் பார்க்க வேண்டாமா? ஒளிப்பதிவுக்குப் பரிந்துரைப்பவர்கள் ஒளிப்பதிவாளர்கள், எடிட்டிங்குக்கு எடிட்டர்கள், நடிப்புக்கு நடிகர்கள். சிறந்த படத்துக்குத்தான் எல்லாத் துறையினரும் பரிந்துரைக்கிறார்கள். ஒப்பனைக்குப் பெயர் வந்த படத்தில் திரைக்கதை சொதப்பலாக இருந்தால், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

சிறந்த படம் என்றால் அதிகம் பேரின் முதல் விருப்பம் என்று எண்ணுவதும் அப்படித்தான். அங்கே பத்துப் படங்களையும் வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். எதற்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்காவிட்டால், கடைசியில் இருக்கும் படம் வெளியே போகும். அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே சிலர் கொண்டாடி பலர் வெறுக்கும் படத்தைவிட, பலருக்கும் இரண்டாவது மூன்றாவதாகப் பிடித்த படம் முந்திவிடலாம். தோற்ற படத்தை மட்டம் தட்டுவதற்கு முன் இது ஞாபகத்தில் இருக்கட்டும். 2024 விழாவில் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’ 10 பரிந்துரைகளோடு போய் ஒரு விருதுகூட இல்லாமல் திரும்பியது. அதனால் அந்தப் படத்தில் ஒரு காட்சியாவது மோசமாகிவிட்டதா என்ன?

அடுத்தது நானே செய்த தவறு. ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படத்தை முதலில் கைப்பேசியில், ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகிக்கொண்டு பார்த்தேன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி குடும்பம் சுவருக்கு இந்தப் பக்கம் தோட்டம் போடுகிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். நடப்பதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், நம் காதுக்கு மட்டும். துப்பாக்கிச் சத்தம், அலறல், ஓயாத ஓர் இரைச்சல். அந்தக் கொடுமைகளை கேமரா காட்டுவதில்லை, ஆனால் ஒலி நம்மை விடுவதில்லை. சிறந்த ஒலிக்கான ஆஸ்கரை வாங்கிய படத்தை அரைக் காதில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்! நல்ல ஹெட்போனோடு மறுபடி பார்த்த பிறகு, அந்த நண்பரை அழைத்து வாபஸ் வாங்கினேன். ஒரே ராத்திரியில் மூன்று படம், ஒன்றரை மடங்கு வேகம், இதெல்லாமும் இதே ரகம்தான். ‘தி ப்ரூட்டலிஸ்ட்’ மூன்றரை மணி நேரப் படம். நடுவே 15 நிமிட இடைவேளையையும் இயக்குநரே வைத்திருக்கிறார். அந்த நிதானத்தைத் துரத்திவிட்டு ‘இழுவை’ என்றால் எப்படி?

துணை நடிகர் பிரிவில் வந்தவரின் பாத்திரம் சிறியது என்று நினைக்காதீர்கள். ‘எ ரியல் பெயின்’ படமே இரண்டு உறவுக்காரர்களின் பயணம்தான். அதில் ஒருவரான கீரன் கல்கின் துணை நடிகருக்கான விருதைத்தான் வாங்கினார். எந்தப் பிரிவுக்குப் பிரசாரம் செய்வது என்று படத்தின் தரப்பு கணக்குப் போடும். வாக்காளர்கள் பெரும்பாலும் அதன்படி போவார்கள். அப்புறம், அதிகம் அழுதவர் அதிகம் நடித்தவர் இல்லை.

சர்வதேசப் படப் பிரிவில் இல்லாத படம் அதற்குத் தகுதியற்றது என்பதும் அவசரம். ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். 2023 கான் திரைப்பட விழாவில் உயரிய விருது பெற்ற ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ படத்தை விட்டுவிட்டு பிரான்ஸ் வேறொன்றை அனுப்பியது. அனுப்பியது இறுதி ஐந்துக்குள் வரவில்லை. அனுப்பாதது சிறந்த படம் உட்பட 5 பரிந்துரைகள் பெற்று, திரைக்கதைக்கான விருதையும் வாங்கியது.

கடைசியாக, சர்ச்சை. இது கொஞ்சம் சிக்கலானது. ‘எமிலியா பெரேஸ்’ 13 பரிந்துரைகள் பெற்றது, பிறகு நாயகியின் பழைய சமூக வலைதளப் பதிவுகள் வெளியே வந்தன, முடிவில் விருது இரண்டோடு நின்றது. ‘எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது’ என்று அந்த வாரத்தில்தான் பலருக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு முன்பே மெக்ஸிகோவிலிருந்து கடுமையான விமர்சனம் இருந்தது: தங்கள் நாட்டுக் கதையைப் பெரும்பாலும் பிரான்ஸில் படமாக்கியிருக்கிறார்கள், பேச்சு மொழியும் ஒட்டவில்லை என்று. இது படத்தின் மேல் உள்ள குறை. பதிவுகள் நடிகையின் மேல் உள்ள குறை. இரண்டுமே உங்களுக்கு முக்கியமாக இருக்கலாம், தப்பே இல்லை. எதனால் பிடிக்கவில்லை என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தப் படம் அந்தச் சர்ச்சைக்கு முன்பே பிடிக்கவில்லை. பாட்டுகள்தான் காரணம். சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் அதற்கே போனது வேறு விஷயம்.