அம்மா போனில் பிள்ளை விளையாடுகிறதா? பணத்தையும் தகவலையும் பூட்டும் முறை

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர் பக்கம் பல வீடுகளில் நல்ல போன் என்று ஒன்றுதான் இருக்கும். அது அம்மாவுடையது. பீடிக் கூலி வரும் வங்கிக் கணக்கு, மும்பையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் அப்பா அனுப்பும் பணம், கரண்ட் பில், பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு எல்லாம் அதற்குள்தான். சாயங்காலம் அந்தப் போன் பிள்ளை கைக்குப் போகிறது. விளையாட்டு இலவசம் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு இரண்டு வழியில் சம்பாதிக்கிறது: உள்ளே இருக்கும் கடை ஒன்று, பிள்ளையைப் பற்றிச் சேர்க்கும் தகவலும் விளம்பரமும் மற்றொன்று. இரண்டையும் அடைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பணவழி, பிறகுதான் தகவல்.

பின் நம்பரிலிருந்து தொடங்குங்கள்

பணம் போன வீடுகளில் பெரும்பாலும் யாரும் எதையும் திருடியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஜிபே, போன்பே போட்டுக் கொடுப்பதே பிள்ளைதான். கடையில் நின்று "ஏல, இந்த நம்பரை அடிச்சுக் குடு" என்று சொல்லும்போதே யுபிஐ பின் நம்பர் அதற்கு மனப்பாடமாகிவிடுகிறது. ஆகவே இன்றைக்கே பின்னை மாற்றுங்கள். ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, வங்கிக் கணக்கைத் திறந்தால் பின் மாற்றும் இடம் இருக்கும். பிறந்த வருடம், வண்டி நம்பர் வேண்டாம். பிள்ளை முதலில் போட்டுப் பார்ப்பது அவற்றைத்தான். பிள்ளைதான் ஆப்பை இயக்கித் தர வேண்டுமென்றாலும் சரி, கடைசியில் கேட்கும் நாலு அல்லது ஆறு எண் பின்னை மட்டும் நீங்களே அடியுங்கள்.

அடுத்து யுபிஐ லைட். சின்னத் தொகைகளுக்குப் பின் கேட்காமல் பணம் அனுப்பும் வசதி இது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும், 5,000 ரூபாய் வரை உள்ளே வைத்திருக்கலாம். டீக்கடைக்கு வசதிதான். ஆனால் பிள்ளை விளையாடும் போனில் அது திறந்து கிடக்கும் கல்லாப்பெட்டி. டைமண்ட், அதாவது விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு, ஏற்றித் தரும் ரீசார்ஜ் கடையின் கியூஆர் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், பின் இல்லாமலே பணம் போய்விடும். லைட்டை மூடினால் மீதிப் பணம் வங்கிக் கணக்குக்கே திரும்பும், நட்டம் ஏதுமில்லை.

மூன்றாவது ஆட்டோபே. ஒரு தடவை பின் அடித்துச் சம்மதித்துவிட்டால், அதன்பின் மாதாமாதம் 15,000 ரூபாய் வரையான தொகையைப் பின் கேட்காமலே எடுக்கலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் ஒரு அறிவிப்பு வர வேண்டும், வரும். ஆனால் அது ஆங்கிலக் குறுஞ்செய்தியாக வருவதால் யார் கண்ணிலும் படாமல் போகிறது. ஜிபே, போன்பே இரண்டிலும் உங்கள் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்றொரு வரி தெரியும். அதைத் திறந்து, தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் ரத்து செய்யுங்கள். விளையாட்டை போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. சந்தாவைத் தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான வழி ஒன்று உண்டு. கூலியும் அப்பா பணமும் வரும் கணக்கை யுபிஐயில் இணைக்கவே வேண்டாம். வேறொரு வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கைத் திறந்து, வாரச் செலவுக்கு வேண்டிய ஐந்நூறு, ஆயிரத்தை மட்டும் அதில் போட்டு, அதை யுபிஐயில் இணையுங்கள். எந்தப் பூட்டு உடைந்தாலும் நட்டம் அந்த ஐந்நூறோடு நிற்கும்.

பிளே ஸ்டோர் பூட்டு

பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ் உள்ளே பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் என்று இருக்கும். பழைய போன்களில் அதென்டிகேஷன். அதில் எப்போதும் கேள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை என்பது ஆபத்து: நீங்கள் ஒரு தடவை சம்மதித்துவிட்டு அடுப்படிக்குப் போனால், அந்த அரை மணி நேரமும் கடை திறந்தே கிடக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு ஒன்று. சரிபார்ப்புக்குக் கைரேகையைக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் போனைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளையின் விரலையும் எப்போதோ பதிந்து வைத்திருப்பீர்கள். அந்தப் பூட்டு யாருக்காகப் போட்டீர்களோ அவர்களே திறந்துகொள்வார்கள். போன் செட்டிங்ஸில் கைரேகைப் பட்டியலைப் பார்த்து, உங்களுடையதைத் தவிர மற்றதை எல்லாம் நீக்குங்கள்.

பிறகு அதே வட்டத்தின் கீழ் பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போங்கள். சேமித்து வைத்த கார்டு, யுபிஐ, சிம் பேலன்ஸ் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். கார்டுக்கு ஓடிபி வருமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்த ஓடிபி வந்து விழுவது பிள்ளை கையில் இருக்கும் அதே போனில்தான். சந்தா பட்டியலும், இதுவரை வாங்கியதன் கணக்கும் அதே பக்கத்தில் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை, கரண்ட் பில் கட்டும் அன்று, அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பில் அதற்கென்று ஒரு கணக்கு உண்டாக்குங்கள். எதை வாங்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாம். ஆனால் பிளே ஸ்டோர் வழியாகப் போகும் பணத்துக்கு மட்டுமே இந்த அனுமதி செல்லும். வெளியே டாப்-அப் தளத்தில் போட்டாலோ, ரீசார்ஜ் கடையில் ரொக்கமாகக் கொடுத்தாலோ அதற்குத் தெரியாது. தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் நேரில் போய், "எம் புள்ளைக்கு டைமண்ட் ஏத்தாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊர்ப் பக்கம் எந்த ஆப்பையும் விட அது நன்றாக வேலை செய்யும்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஸ்கிரீன் டைம், கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் வழியாகப் போய் இன்-ஆப் பர்ச்சேஸ் என்பதை நிறுத்துங்கள். ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவு எண் வையுங்கள்.

உள்ளே இருக்கும் கடை எப்படி இழுக்கிறது

பிள்ளையை அடிப்பதற்கு முன் இதை வாசியுங்கள். பெரியவர்களே தடுமாறும்படி கட்டிய கடை அது.

முதல் வேலை, ரூபாயை மறைப்பது. டைமண்ட், யூசி, ரோபக்ஸ் என்று விளையாட்டுக் காசாக மாற்றிவிட்டால் செலவு செலவாகத் தெரியாது. அடுத்தது மிச்சம். உதாரணத்துக்கு, டைமண்ட் கல்லை 100, 100 ஆகத்தான் விற்பார்கள். ஆடையின் விலை 120 கல் என்று இருக்கும். இரண்டு கட்டு வாங்கினால் 80 மிஞ்சும். அந்த 80 வீணாகக் கூடாது என்ற எண்ணமே மூன்றாவது கட்டை வாங்க வைக்கும். இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று ஓடும் கடிகாரம், ஒரு நாள் விட்டால் அறுந்துபோகும் தினசரிப் பரிசு, குழுவில் உன்னிடம் மட்டும் இல்லை என்ற வெட்கம் எல்லாம் இதற்கு மேல். முதல் சலுகை பத்து, இருபது ரூபாய்க்கு வரும். அது லாபத்துக்காக வைத்தது அல்ல. ஒரு தடவை பணம் கட்டிய கைக்கு அடுத்த தடவை கூச்சம் இருக்காது, அதற்காக.

அதிர்ஷ்டப் பெட்டிதான் கொடுமையானது. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் பணம் கட்ட வேண்டும். கூகுளும் ஆப்பிளும் அந்த வாய்ப்பு விகிதத்தை வாங்குமுன் காட்டச் சொல்கின்றன. கடைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். அது 1 சதவீதம் என்றால், நூறு தடவை திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று பிள்ளை நினைக்கும். கணக்கு அப்படி இல்லை. இத்தனை தடவைக்குள் உறுதி என்று விளையாட்டே சொல்லியிருந்தால் தவிர, நூறு தடவை திறந்த 100 பேரில் ஏறக்குறைய 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. 300 தடவை திறந்தாலும் 5 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பெல்ஜியம் 2018லேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது.

ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்கும் பொருளின் விலையை ரூபாயாக மாற்றி, அது எத்தனை பீடி, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து சுற்ற வேண்டும் என்று பிள்ளையையே தாளில் போடச் சொல்லுங்கள். திட்டாமல், கணக்காக மட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும்.

விளையாட்டை இறக்கும் முன்பே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் விவரப் பக்கத்தில், உள்ளே விற்கும் பொருள்களின் குறைந்த விலையும் அதிக விலையும் போட்டிருக்கும். அதிக விலை ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தக் கடை யாரைக் குறிவைக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தடத்தை அழிப்பது

எந்தக் கட்டத்தில் எத்தனை தடவை தோற்றாய், எத்தனை மணிக்கு விளையாடுகிறாய், எத்தனை நாளாக வரவில்லை என்பதெல்லாம் பதிவாகின்றன. தோற்ற அந்த நொடியில் சலுகை வந்து நிற்பது தற்செயல் அல்ல. போனில் இருக்கும் விளம்பர அடையாள எண் மூலம், ஒரு ஆப்பில் செய்ததை மற்றொரு ஆப்பில் செய்ததோடு விளம்பரக் கம்பெனிகள் கோத்துவிடும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த எண்ணை அழிக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி, அதனுள் ஆட்ஸ், அதில் டிலீட் அட்வர்டைசிங் ஐடி. சில கம்பெனி போன்களில் இது கூகுள் என்ற பகுதிக்குள் இருக்கும்; செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் ஆட்ஸ் என்று அடித்தால் வந்துவிடும். ஐபோனில் பிரைவசி பகுதியில் டிராக்கிங் என்பதைத் திறந்து, ஆப்கள் கேட்பதையே நிறுத்துங்கள். இதனால் விளம்பரம் நிற்காது. பிள்ளைக்கென்று தைத்த விளம்பரம்தான் குறையும்.

பிறகு செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜர். எந்த ஆப்புக்கு எந்த அனுமதி என்று காட்டும் இடம் அது. விளையாட்டுக்கு இருப்பிடம் வேண்டாம், தொடர்பு எண்கள் வேண்டாம், குறுஞ்செய்தி வேண்டவே வேண்டாம். மைக் மட்டும், நண்பர்களோடு பேசி விளையாடுவதாக இருந்தால், பயன்படுத்தும்போது மட்டும் என்று கொடுக்கலாம். தொடர்பு எண்களைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் விளையாட்டை அழித்துவிடுங்கள். அதே கையோடு அதன் அறிவிப்பையும் அணையுங்கள். உன் கோட்டையைத் தாக்குகிறார்கள் என்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவது அந்த அறிவிப்புதான். இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டு என்றால் டேட்டாவை அணைத்துக் கொடுங்கள். விளம்பரமும் வராது, தகவலும் அந்நேரம் போகாது.

பிறந்த வருடத்தைக் கவனியுங்கள். கணக்கு தொடங்கும்போது பிள்ளைகள் 1990 என்று அடித்துவிடுகிறார்கள். அத்தோடு சிறுவர்களுக்கென்று வைத்த காப்பு எல்லாம் விலகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. பெற்றோர் சம்மதமும் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கம்பெனிகளின் பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. ஆனால் வயதைப் பொய்யாகச் சொன்ன கணக்குக்குச் சட்டத்தால் பெரிதாக உதவ முடியாது.

அளவில்லாத டைமண்ட் தருகிறோம் என்று டெலிகிராமிலும் யூடியூபிலும் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்களை, ஒருபோதும் ஏற்றக் கூடாது. டைமண்ட் கணக்கு கம்பெனியின் கணினியில் இருக்கிறது. போனில் ஏற்றும் எந்த ஆப்பாலும் அதைக் கூட்ட முடியாது. அது அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டால் உடனே அழியுங்கள். அந்த அனுமதி கிடைத்த ஆப், திரையில் வருவதை வாசிக்கும், உங்களுக்குப் பதில் பட்டனும் அழுத்தும்.

பணம் போய்விட்டால்

யார் எடுத்தது என்பதைப் பொறுத்து வழி மாறும். பிள்ளையே வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கியதன் பட்டியலில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டது என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுத வேண்டும். சரிபார்ப்புப் பூட்டு இல்லாத கணக்கு என்றால் கூகுள் வழக்கமாக மறுத்துவிடும். முதலில் பூட்டுங்கள் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகவும்தான். ஆப்பிளிலும் வாங்கியதன் பட்டியலிலிருந்தே புகார் செய்யலாம்.

முகம் தெரியாதவன் லிங்க் அனுப்பி ஏமாற்றியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் வங்கியில் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரங்களில்தான். அதன்பின் திருநெல்வேலி சைபர் கிரைம் போலீஸுக்குப் போகும்போது பரிமாற்ற எண், நேரம், பணம் போன யுபிஐ முகவரி, அவன் அனுப்பிய செய்தியின் படம், வங்கிக் கணக்கு விவரத்தாள் இவற்றைக் கொண்டுபோங்கள். பயத்தில் பிள்ளை அந்த அரட்டையை அழித்துவிடும். அதனால் முதலில் போனை வாங்கிப் படம் எடுத்துவிட்டு, பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக் கம்பெனியே ஏமாற்றும் வடிவமைப்பால் வாங்க வைத்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. போலி அவசரம், சந்தாப் பொறி, வெட்கப்படுத்தி வாங்க வைத்தல் உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. புகாரில் எந்தத் தந்திரம் என்று பெயரோடு எழுதுங்கள். அமெரிக்காவில் இப்படியொரு வழக்கில், ஒரே பட்டனைத் தவறி அழுத்தினாலும் பணம் போகும்படி வைத்திருந்ததற்காக எபிக் கேம்ஸ் கம்பெனி 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. சிறுவர் தகவல் தொடர்பாக மேலும் 27.5 கோடி டாலர் அபராதம். உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆர்டர் எண், விலை காட்டிய திரையின் படம், கம்பெனி அனுப்பிய பதில் மூன்றையும் அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.