பறவைகளின் குளிர்கால உணவுக்காக வயலில் களை விதைகளை விட்டுவைக்கும் முறை

பிரிட்டனின் வேளாண் நிலப் பறவைகள் 1970-ஆம் ஆண்டில் இருந்த அளவில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன. முன்பு வசந்தத்தில் விதைக்கப்பட்ட தானியப் பயிர்கள் இப்போது பெரும்பாலும் இலையுதிர்காலத்திலேயே விதைக்கப்படுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே அரிதாள் (அறுத்த பின் வயலில் நிற்கும் பயிரின் அடித்தாள்) உழப்படுவதால், சிந்திய தானியமும் களை விதையும் பறவையின் அலகுக்கு எட்டாத ஆழத்திற்குப் போய்விடுகின்றன. களைக்கொல்லியின் பயனால் அப்படிப் புதைவதற்குரிய விதையும் குறைந்துவிட்டது. இந்நிலையை ஒரு வயலளவிலாவது மாற்ற விரும்பும் விவசாயிக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில், எந்தக் களையை வளரவிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். சக்கரவர்த்திக் கீரை, நாட்கிராஸ், சிக்வீட், காட்டுக் கடுகு ஆகியவை பறவைகளுக்குப் பெரிதும் உதவுபவை. முற்றிய சக்கரவர்த்திக் கீரையின் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள்: சாம்பல் நிறத் தோல் உதிர்ந்து, கடுகைவிடச் சிறியதாக, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத, பளபளக்கும் கருப்பு விதைகள் வெளிப்படும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் இத்தகைய விதைகளைத் தரும். பெரும்பாலும் விதையையே தின்று வாழும் லின்னெட் குருவிக்கு இவை அன்றாட உணவு. யெல்லோஹாமர், கார்ன் பண்டிங் ஆகிய குருவிகள் சிந்திய தானியத்தையே அதிகம் நாடுகின்றன. நாட்கிராஸ் செடிக்குக் கோடையிலும் ஒரு பயன் உண்டு. அதன் இலையை உண்ணும் வண்டுகள் கௌதாரிக் குஞ்சுகளுக்கு இரையாகின்றன.

பிளாக்கிராஸ், காட்டு ஓட்ஸ், கிளீவர்ஸ் ஆகிய களைகள் மிகுந்துள்ள வயலை இதற்குத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக பிளாக்கிராஸ் அறுவடைக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும். பல களைக்கொல்லிகள் அதனிடம் பலிப்பதில்லை. ஓராண்டு அதை விதை உதிர்க்க விட்டவர் பல ஆண்டுகள் அதனோடு போராட நேரும். அந்த அனுபவத்திற்குப் பிறகு அவர் பறவைகளுக்காக எதையும் செய்ய முன்வரமாட்டார். மண் சற்று மெலிந்த, அகன்ற இலைக் களைகள் இயல்பாக முளைக்கும் வயலே தக்கது.

பயிர் வகையில், வசந்த பார்லியே என் பரிந்துரை. விதையளவைச் சற்றுக் குறைத்து, நைட்ரஜன் உரத்தையும் மட்டுப்படுத்தினால், பயிர் அடர்ந்து நிழல் கட்டாமல் இருக்கும். கீழே களைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். புல் வகைக் களைகளை அடக்க வேண்டியிருந்தால், அவற்றை மட்டும் கொல்லும் மருந்தைப் பயன்படுத்தி, அகன்ற இலைக் களைகளுக்கான தெளிப்பைத் தவிர்த்துவிடலாம். வயல் முழுவதையும் இவ்வாறு விட மனமில்லாதவர்கள் ஓரத்தில் ஆறு மீட்டர் அகலப் பட்டையை மட்டும் தெளிக்காமல் விடலாம்.

பலர் தவறுவது அறுவடையை ஒட்டிய நாட்களில்தான். கதிர் முற்றும் முன் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் களைகள் விதை முற்றாமலே காய்ந்துவிடுகின்றன. அறுவடைக்குப் பின் தெளித்தால், தாமதமாகப் பூக்கும் செடிகளின் விதை கிடைக்காமல் போகிறது. ஆகவே இரண்டையும் தவிர்க்க வேண்டும். வைக்கோலை நறுக்கிப் பரப்புவதைவிடக் கட்டி அகற்றுவது நல்லது, ஏனெனில் தடித்த வைக்கோல் படலத்தைக் கிளறி அடியிலுள்ள விதையை எடுப்பது சிறு குருவிகளுக்கு எளிதன்று. மேலோட்டமான உழவும் கூடாது. விதை மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும்வரைதான் அது உணவு.

தாளின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். ஆபத்து நேரும்போது தரையோடு பதுங்கும் வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் உயரமான தாள் மறைவு தருகிறது. பறந்து வேலிக்குள் தப்பும் குருவிகளுக்கோ, வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காண, குட்டையான தாள் வேண்டும். வானம்பாடி மரங்களையும் வேலிகளையும் விட்டு விலகி, திறந்த வெளியிலேயே மேயும் பறவை என்பதால், வயலின் நடுப்பகுதியில் உயரமாகவும் வேலியோரம் குட்டையாகவும் அறுப்பது பொருத்தமாக இருக்கும்.

இந்த அரிதாளைக் குறைந்தது பிப்ரவரி இறுதிவரை காக்க வேண்டும். டிசம்பரில் நிறைந்திருக்கும் விதை, பறவைகள் தின்றும் முளைத்தும் அழுகியும் குறைந்துகொண்டே போகும். புதிய விதையும் பூச்சியும் இன்னும் வராத பிப்ரவரி, மார்ச் மாதங்களே கடும் பசிக்காலம். அப்போது கோதுமையையும் கடுகினச் சிறு விதைகளையும் கலந்து வேலியோரத்தில் சிறிது சிறிதாக, வாரம் இருமுறை தூவலாம். ஒரே இடத்தில் குவித்தால் எலிகள் கூடும், நோயும் பரவும். ஆகவே இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விதை மிச்சமிருக்கிறதா என்பதை அறிய, மாதம் ஒருமுறை வயலில் நான்கைந்து இடங்களில் மண்டியிட்டு, ஒரு கையகல இடத்தின் மேல்மண்ணை மட்டும் வழித்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கருப்பு மணிகள் தென்பட்டால் இன்னும் உணவு இருக்கிறது. வெறும் உமியும் உடைந்த தோலும் மட்டுமே இருந்தால், அந்த வாரமே தூவத் தொடங்குங்கள். வசந்த விதைப்புக்கு நிலம் உழப்பட்ட பின்னும், ஏப்ரல் முடியும்வரை தூவுவதை நிறுத்தாதீர்கள்.