குழு அணியாக மாறும் வழியில் தலைவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு பணிக்கென்று ஆட்களைத் தேர்ந்து, ஆளுக்கொரு பொறுப்பை எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப் குழு ஒன்றையும் தொடங்கிவிட்டால் அணி அமைந்துவிட்டதாகப் பல மேலாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்போது கையில் இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல்தான். அதில் உள்ளவர்கள் ஒருவர் வேலையில் வரும் கோளாற்றை மற்றவரும் தம்முடையதாகக் கருதும் நிலைக்கு வரச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அந்த இடைக்காலத்தில் தலைவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை நேரம் தவறியவை: ஒரு கட்டத்தில் குழுவுக்குத் துணையாக இருந்த அதே நடத்தை, அடுத்த கட்டத்தில் அதை முடக்கிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன், சிறு குழுக்களைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த 50 கட்டுரைகளை ஆராய்ந்து, உருவாதல், மோதல், நெறிப்படல், செயல்படல் என்ற நான்கு கட்டங்களை 1965-இல் முன்வைத்தார். 1977-இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, கலைதல் என்ற ஐந்தாவது கட்டத்தையும் இணைத்தார். பயிற்சி வகுப்புகளில் இதைப் படித்துவிட்டு வருபவர்கள், முதல் மாதம் மோதல், இரண்டாம் மாதம் நெறி என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்வதே முதல் தவறு. டக்மன் பார்த்த ஆய்வுகளில் கணிசமானவை உளச்சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை என்பதால், அலுவலகத்துக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. கெடு நாளோடு வேலை செய்த எட்டுக் குழுக்களைக் கவனித்த ஆய்வாளர் கோனி கெர்சிக், கெடுவுக்குப் பாதி நாள் கழிந்த வேளையில்தான் அவை பழைய வழியைக் கைவிட்டுப் புதிய வழிக்குத் தாவின என்று 1988-இல் எழுதினார். ஆகவே, தொடக்கக் கூட்டத்தை விமரிசையாக நடத்திவிட்டு, நடுவில் ஒருமுறை நின்று பார்க்கும் கூட்டத்தை வேலைப் பளுவைக் காட்டித் தள்ளிப்போடுவது பெரிய இழப்பு.

தொடக்கத்தில் நேரும் தவறு, தலைவர் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொள்வது. யாருக்கு எது பொறுப்பு, எந்த முடிவை யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாத நிலையில், "நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால், மூத்தவரோ குரல் உயர்ந்தவரோ அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுவார். யாரையும் மனம் நோகச் செய்யக்கூடாது என்று எல்லாத் துறையிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதும் இதே வகைதான். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராக அமையும் தொடர்புகள் 10. பன்னிரண்டு பேர் என்றால் 66.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவிப்பது மோதலை அடக்கிவிடும் அவசரம். திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி ஆர்டருக்காக மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஒருங்கிணைப்பவர்), கட்டிங் மாஸ்டர், தையல் லைன் சூப்பர்வைசர், செக்கிங் பொறுப்பாளர் ஆகியோரை ஒரே குழுவாக அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாயப் பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தொகுதியாக, வந்த துணியில் ஷேடு சற்று மாறியிருக்கிறது. தைத்த ஆடையின் உடலும் கையும் வெவ்வேறு நிறமாகத் தெரிவதைச் செக்கிங்கில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பட்டறை மேல் தவறு என்கிறார் கட்டிங் மாஸ்டர். பார்க்காமல் வெட்டியது யார் என்று கேட்கிறார் மெர்ச்சண்டைசர். அந்த இடத்தில் "சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், ஷிப்மென்டைப் பாருங்கள்" என்று தலைவர் முடித்துவைத்தால் அன்றைய கூட்டம் அமைதியாகக் கலையும். அடுத்த ஆர்டரில் அதே கோளாறு திரும்ப வரும். ஏனெனில் வெட்டுவதற்கு முன் ஷேடை ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டியவர் யார் என்ற கேள்வி அந்தச் சண்டைக்குள்தான் இருந்தது. ஆளைப் பற்றிய பேச்சை நிறுத்தி, வேலையைப் பற்றிய பேச்சை முடியும்வரை நடத்திச் சென்றிருந்தால், "லாட் வாரியாக மாதிரித் துண்டு வைத்துப் பார்க்காமல் வெட்டக்கூடாது" என்ற விதியை அவர்களே வகுத்திருப்பார்கள். அப்படிப் பிறந்த விதியை யாரும் சொல்லாமலே பின்பற்றுவார்கள். சுவரில் ஒட்டிய சுற்றறிக்கைக்கு அந்த மதிப்பு ஒருநாளும் கிடைப்பதில்லை.

சத்தமில்லாத குழுவை ஒற்றுமையான குழு என்று நம்புவது இதன் மறுபக்கம். மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்சன், சிறப்பாக இயங்கிய குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு வியந்தார். அங்குள்ளவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. நம் அலுவலகங்களில் "சரிங்க சார்" என்பதற்கு எத்தனையோ பொருள் உண்டு. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தே மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள்.

குழு தானாகவே ஓடத் தொடங்கிய பிறகு தலைவர் பிடியைத் தளர்த்தாதது அடுத்த தவறு. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் தம் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பவர், தொடக்கத்தில் காட்டியிருக்க வேண்டிய கண்டிப்பைக் காலம் கடந்து காட்டுகிறார். கூட்டாகச் செய்த வேலைக்குத் தனியொருவருக்கு ஊக்கத்தொகை அறிவிப்பதும் இதோடு சேர்ந்தது.

ஆட்களைக் காரணமில்லாமல் மாற்றிக்கொண்டே இருப்பதன் விலையை வான்பயணத் துறை அறியும். 1978 முதல் 1990 வரை அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிகளின் பங்கு இருந்த 37 பெரும் விபத்துகளை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. விவரம் கிடைத்தவற்றில் 73 விழுக்காடு, அந்த விமானிகள் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நிகழ்ந்திருந்தன. தனித்தனியே பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு தொழிற்சாலைக் குழுவில் புதியவர் ஒருவர் வரும்போது அவருக்கு மட்டும் அறிமுகம் செய்துவைத்தால் போதாது. இருக்கும் விதிகளையும் பொறுப்புகளையும் குழு முழுவதும் அவரோடு உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை பேச வேண்டும். அவர் எழுப்பும் கேள்விகளால் மோதல் திரும்பினால், குழு பின்னடைந்துவிட்டதாகப் பதறி அவரை அடக்கவும் வேண்டாம்.